தேன் நிறத்தில் சித்திரை

கல்லூரியில் அவளுக்கு வானத்தம்மா என்று பெயர். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பட்டப்பெயர்தான். காதில் விழுந்தபோது உள்ளூரப் பிடித்துப்போயிற்று. பகலெல்லாம் பாடம், அந்தி சாய்ந்ததும் மொட்டைமாடி. மூச்சு வாங்குவதுபோல் மங்கியும் பிரகாசித்தும் மாறும் நட்சத்திரங்களைத்தான், அவற்றின் ஒளியைக் கண்ணாலேயே மதிப்பிட்டு, அவள் ஆராய்ந்துவந்தாள்.

மாடியிலிருந்த தொலைநோக்கி அவளே செய்தது. அதன் ஆடியைக் குழிவாகத் தேய்த்தெடுக்க, பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்து, மேலே வட்டமான கண்ணாடித் தட்டு ஒன்றை வைத்து, ஈரமான தேய்ப்புத்தூள் தூவி, இன்னொரு தட்டால் தேய்த்தபடியே அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். மகள் நடை பழகியதே அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அந்தப் பீப்பாயைச் சுற்றித்தான். தையல்காரரான கணவர் தொலைநோக்கியின் குழாய்க்குக் கறுப்பு உறை தைத்துக் கொடுத்தார்.

மகள் வளர்ந்து, வேலைக்கென்று வேறு ஊர் போனபின், நட்சத்திரங்கள் மங்கத் தொடங்கின. தொலைநோக்கியின் கண்ணாடிதான் பழசாகிவிட்டது என்று அதைக் கழற்றிப் புதுப்பூச்சு பூச வைத்தாள். அப்போதும் மங்கல்தான்.

கணவர் குழாயில் கண்ணை வைத்துப் பார்த்தார். "எனக்குப் பளிச்சுன்னு தெரியுதே! நீ கண் டாக்டரைப் பாரு."

"எனக்கு ஒண்ணுமில்லங்க."

"ஊசியைக் கோத்துக் குடுன்னா, நேத்து என் விரல்ல இல்ல நூலைக் கோக்கப் பாத்தே!"

அவள் முகம் விழுந்துவிட்டது. மறுநாளே போனாள். இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண்ணில் அறுவை செய்தார்கள்.

ஆறியபின் ஓர் அந்தியில் மாடி ஏறினாள். கிழக்கே சித்திரை நட்சத்திரம் உதித்திருந்தது. வலது கண்ணால் பார்த்தாள். நீலம், பனியில் நனைந்த நீலம். இடது கண்ணால் பார்த்தாள்; அதே நட்சத்திரம் தேன் நிறத்தில் தூங்கி வழிந்தது. மாற்றி மாற்றி மூடித் திறந்தாள்.

"யாரைப் பாத்துக் கண்ணடிக்கிறே?" என்றார் கணவர்.

"உங்களை இல்லீங்க. சித்திரையை."

அடுத்த வாரமே இடது கண்ணையும் முடித்துவிடலாம் என்றார் டாக்டர்.

"ஆறு மாசம் பொறுக்கலாமா டாக்டர்? சில நட்சத்திரங்க இன்னும் கிழக்கே வரல. ஒவ்வொண்ணையும் ரெண்டு கண்ணாலயும் பாத்தாத்தான், இவ்வளவு நாளா எதை எவ்வளவு மங்கலாச் சொல்லிட்டேன்னு தெரியும்."

"புரையை விட்டுவைங்கன்னு கேட்ட முதல் ஆள் நீங்கதாம்மா!" டாக்டர் சிரித்தேவிட்டார். ஆனாலும் சம்மதித்தார்.

அந்த ஆறு மாதமும் அவள் கனவில் நடப்பவள்போல இருந்தாள். வகுப்பில் பாதிப் பேச்சில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தைப் பார்ப்பாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மாடியிலோ, தன் கண்ணோடு சேர்ந்து மங்கிப்போன நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றி வைத்தாள். அணைந்துகொண்டிருக்கிறது என்று அவள் எழுதி வெளியிட்டிருந்த ஒன்று, சற்றும் குறையாமல் எரிந்துகொண்டிருந்தது. திருத்தி அனுப்பினாள், அச்சிலும் வந்தது.

இரண்டாவது அறுவைக்கு முந்தின சாயங்காலம் வலது கண்ணை மூடிக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தாள். கொடியில் காயும் துணி, எதிர்வீட்டுச் சுவர், கணவரின் நரைத்த தலை, எல்லாம் தேனில் மிதந்தன.

"உள்ளே வாயேன், குளிருது," என்றார் அவர்.

"இருங்க. இன்னும் கொஞ்ச நேரம் உங்களை இந்தக் கண்ணால பாத்துக்கறேன்."

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.