மணிச் சத்தத்துக்கு வந்த ஆடுகள்

பிள்ளைகளா, நம் சைக்கிளில் ஏன் மணி இல்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அப்புறம் சொல்கிறேன் என்று நானும் தள்ளிப்போட்டே வந்தேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில், மழையோ வெயிலோ, காரைக்குடி நூல் மில்லுக்குச் சைக்கிளில்தான் போய்வந்தேன். தார் ரோடு சுற்றுவழி. கண்மாய்க் கரைமேல் போகிற ஒற்றையடிப் பாதைதான் குறுக்கு. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் கருவேல முள். தலையில் சுமை வைத்திருப்பவர் ஒதுங்க வேண்டியதில்லை, வெறுங்கையோடு வருகிறவர்தான் ஒதுங்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சைக்கிள்காரனை வெறுங்கை ஆள் என்றுதான் வைத்திருந்தார்கள்.

விறகுக் கட்டோடு வரும் பெண்கள் தூரத்திலேயே ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஏ, மில்லு மாப்பிள்ளை வாராகடி!"

"இன்னைக்கி எங்குட்டு எறங்கப் போறாகளோ, முள்ளுக்குள்ளயா, தண்ணிக்குள்ளயா?"

நானும் சிரித்துக்கொண்டே இறங்கி, சரிவில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பேன். மிதிப்பதில் எனக்கு அலுப்பே இல்லை. இறங்கி ஏறுவதுதான் உயிரை வாங்கும். பகல் முழுக்க மில்லில் நின்ற கால்கள். ஒரு பாதையில் இரண்டு பேர் போனால் யாராவது ஒருவர் இறங்கத்தான் வேண்டும். அது ஏன் எப்போதும் நானாகவே இருக்கிறேன் என்று யாரிடம் கேட்பது?

அறுப்பு முடிந்ததும் வயல்களில் உரத்துக்காகச் செம்மறி ஆடுகளை ராத்திரி முழுக்க அடைத்துக் கிடை போடுவார்கள். காலையில் அந்த மந்தை முழுவதும் கரை ஏறிவிடும். பொம்பளைகளாவது கடந்து போவார்கள். ஆடுகள் நின்றுவிடும். அப்படி நின்று நின்று போனதில் அந்த மாதம் பல நாள் வேலைச் சங்கு ஊதிய பிறகே மில் கேட்டைத் தொட்டேன்.

மேஸ்திரி முடிவாகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவ பிந்துனா இந்தப் பக்கமே வராதய்யா."

மறுநாள் காலையும் கரையை அடைத்துக்கொண்டு மந்தை. நான் இறங்கவில்லை. மணியை விடாமல் அடித்தேன். ஆச்சரியமாக, ஆடுகள் விலகி வழி விட்டன. நடுவில் புகுந்து கரை முடிவுவரைக்கும் வந்துவிட்டேன். எதிரே லாரி போகிற ரோடு. இன்றைக்குத் தப்பித்தோம் என்று திரும்பிப் பார்த்தால், மந்தை அத்தனையும் என் பின்னால் ஓடிவருகிறது!

ஆட்டுக்காரர் கடைசியில் கத்திக்கொண்டே ஓடிவந்தார். "அண்ணே, நில்லுங்கண்ணே! அம்புட்டையும் மில்லுக்கா கூட்டிட்டுப் போறீக?"

"நான் எங்கே கூப்பிட்டேன்?"

"முன்னால போற கிடாயி கழுத்துல மணி கட்டிருக்கோம்ல. மணிச் சத்தத்துக்குப் பின்னாலயே போயிப் பழகுனதுக. ரோட்ல லாரி வந்தா என் பொழப்பு போச்சுண்ணே. அடிச்சுக்கிட்டே திரும்பி வாங்க."

என் பிழைப்பும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் ரோட்டில் லாரி வருகிற சத்தம் கேட்டது. இறங்கினேன். மணியை அடித்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு, மந்தையைச் சரிவு வழியாக வயலில் இறக்கிவிட்டேன். அப்போது மில் சங்கு ஊதியது.

கேட்டில் மேஸ்திரி ஏன் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"மில்லு வேலைய விட்டுட்டு ஆடு மேய்க்கப் போயிட்டியாக்கும்!"

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அவரையும் தொற்றிக்கொண்டது போலும். "பகல் ஷிப்டு ஒனக்கு ஒத்துவராது. நாளையிலேருந்து ராத்திரிக்கு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வேலை தப்பியது. நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் நான் தூங்க ஆரம்பித்தது அப்போதிருந்துதான்.

அன்று வெயிலோடு திரும்பினேன். கரையில் ஒருவரும் இல்லை. இனி நான் வருவது இருட்டில். கிடை கரையை ஒட்டியே இருந்தது. பள்ளத்தில் குலுங்கி மணி தானாக அடித்தாலும் மந்தை எழுந்து வந்துவிடும். சைக்கிளை நிறுத்தி மணியைக் கழற்றிச் சோற்றுத் தூக்குக்குள் போட்டேன். மறுபடி ஏறத் தோன்றவில்லை. யாரும் எதிரே வராத பாதையில், ஒரு ஓரமாகவே, வீடு வரை உருட்டிக்கொண்டு நடந்தேன்.