ஆம்புலன்ஸ் இல்லாத நகரம்

முதன்முதலாக அந்த கேமைக் கைக்கருவியில் ஓட்டிப் பார்த்த அன்று, கதாநாயகன் ஒரு காரைத் திருடிக்கொண்டு கிளம்பினான். இரண்டு தெரு தாண்டியதும் சாலை முடிந்துவிட்டது. அதற்கப்பால் தரையே இல்லை. காரோடு சாம்பல் நிறத்துக்குள் விழுந்துகொண்டே இருந்தான். நகரத்தின் அடுத்த பகுதியைக் கருவி எடுத்து வைப்பதற்குள் கார் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அவ்வளவுதான் காரணம்.

பெரிய டிவியில் ஆடுவதற்காக உருவாக்கப்பட்ட விளையாட்டு அது. ஒரு முழு நகரம். எங்கு வேண்டுமானாலும் போகலாம், வண்டி திருடலாம், சுடலாம், போலீஸுக்குத் தப்பி ஓடலாம். அதைக் கையில் பிடித்து ஆடும் சின்னக் கருவிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பொறுப்பை, நான் வேலை பார்க்கும் பெங்களூர் நிறுவனம் எடுத்திருந்தது. எட்டுப் பேர் கொண்ட குழு. மற்ற ஏழு பேரும் பெங்களூரில். நான் மட்டும் தருமபுரியில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்புறம் ஒரு மாடி வீட்டில் இருந்து வேலை செய்தேன். கல்யாணம் ஆனதும் அப்படிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் கணவருக்கு இங்கேதான் வேலை. தொப்பூர் பக்கம் நெடுஞ்சாலையில் நிற்கும் ஆம்புலன்ஸில் அவர் மருத்துவ உதவியாளர்.

குழுவில் எனக்குக் கொடுக்கப்பட்ட பகுதி, தெருவில் நடக்கும் மனிதர்களும் ஓடும் வண்டிகளும். வேலை என்று சொன்னாலும், செய்தது பெரும்பாலும் வெட்டுவதுதான். கருவியின் நினைவகம் சிறியது. எதை எடுத்தால் ஆடுபவனுக்குத் தெரியாது என்று ஒவ்வொரு நாளும் தேடுவேன். கடைவீதிக் கூட்டத்தை மூன்றில் ஒரு பங்காக்கினேன். காற்றில் பறக்கும் காகிதங்களை எடுத்தேன், மின்கம்பிகளில் உட்கார்ந்திருந்த பறவைகளை எடுத்தேன். அடிபட்டு விழுந்தவர்கள் பழைய விளையாட்டில் வெகுநேரம் கிடப்பார்கள். நான் அதை மாற்றி, திரை வேறு பக்கம் திரும்பியதும் நான்கு நொடியில் மறைந்துபோகும்படி எழுதினேன். கடைசியாக ஆம்புலன்ஸை எடுத்தேன்.

அந்த விளையாட்டில் யாராவது அடிபட்டால் ஓர் ஆம்புலன்ஸ் வரும். அது நகரத்தின் எந்த மூலையில் இருந்தாலும் வழி கண்டுபிடித்து வர வேண்டும், மற்ற வண்டிகள் அதற்கு ஒதுங்க வேண்டும், இரண்டு பேர் இறங்க வேண்டும், சைரன் ஒலிக்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்து கருவியை மூச்சு முட்ட வைத்தது. எடுத்ததும் படம் தடங்காமல் ஓடியது. குழுத்தலைவர் ஓசூர்க்காரர். போனில் கூப்பிட்டு, "சூப்பர்மா, இதுக்குத்தான் ஒரு மாசமா அடிச்சிக்கிட்டோம்" என்றார். வெட்டியவற்றின் பட்டியலில் நான் இப்படி எழுதினேன்: ஆம்புலன்ஸ் நீக்கப்பட்டது, ஆடுபவர்களுக்குக் குறையாகத் தெரியாது.

அதை எழுதும்போது கணவரின் ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. வேலை வேறு, வீடு வேறு என்று தள்ளிவிட்டேன்.

வெளியாகும் வரை கருவியை யாருக்கும் காட்டக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். இரண்டு அறை வீட்டில் அதெல்லாம் நடக்கிற காரியமா? ஒரு விடுமுறை நாளில் அவர் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் நான் ஓட்டிய கார் நடைபாதையில் ஏறி ஒருவனைத் தள்ளியது. அவன் விழுந்தான். காரைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

"இங்க உழுந்து கெடந்த ஆளு எங்க?" என்றார்.

"எடுத்துட்டோங்க. மெமரி பத்தல."

"யாரு வந்து எடுத்தா?"

"யாரும் வரல. தானா மறைஞ்சிருவாங்க. நாலு செகண்டு."

"ஆம்புலன்ஸு வராதா?"

"முன்ன வந்துச்சு. அதையும் எடுத்தாச்சு."

"நீயா எடுத்த?"

"ம்."

கொஞ்ச நேரம் மென்றுகொண்டே பார்த்தார். "நல்லதுதான் போ. எங்களுக்கு ஒரு ஊர்லயாவது டூட்டி இல்ல" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனார். கோபத்தில் சொன்னது போலவும் இல்லை, வேடிக்கைக்குச் சொன்னது போலவும் இல்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, மூக்குக் கண்ணாடி மாற்றுவதற்காக சேலம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். காலை பத்தரை இருக்கும். தொப்பூர் இறக்கத்தின் பாதியில் பஸ் நின்றது. முன்னால் கண்ணுக்கு எட்டியவரை லாரிகள். "பிரேக் புடிக்காம போயிருக்குது" என்று டிரைவர் சொன்னார். அந்த இடத்தில் இது யாருக்கும் புதிய செய்தி அல்ல. பாதிப் பேர் சீட்டை விட்டு எழவே இல்லை. அன்று என் கணவருக்குப் பகல் டூட்டி. அதனால் நான் இறங்கி நடந்தேன்.

வளைவில் ஒரு லாரி பாறையில் மோதிச் சாய்ந்திருந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு மொபெட் கிடந்தது. சாலையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மல்லாந்து கிடந்தார். என் கணவர் மண்டியிட்டு அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். நெரிசலில் ஆம்புலன்ஸ் நெருங்க முடியாததால், அதைப் பின்னால் விட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சுற்றி நின்றவர்களில் நாலைந்து பேர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் தலையை நிமிர்த்தி நேராக என்னைப் பார்த்தார். "அக்கா, அந்தம்மாவக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார்.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

சாலையோரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறு காயம் இல்லை. கணவரின் ஒற்றைச் செருப்பை மடியில் வைத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் ஏதோ ஊர், மேச்சேரியில் மகள் வீட்டுக்குப் போகிறோம் என்று, நான் கேட்காமலே சொன்னாள். மகளுக்கு ஏழாவது மாதம். பையில் நிலக்கடலை இருந்தது, கொட்டிப்போயிற்று என்றாள். பிறகு, "மூச்சு இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இருக்குதுங்க" என்றேன்.

எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்தது அழுத்தும் கைகளை மட்டும்தான். அவள் நான்கு முறை கேட்டாள். நான்கு முறையும் அதையே சொன்னேன். ஆம்புலன்ஸ் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை நெஞ்சை அழுத்துவது நிற்கவில்லை. இடையில் ஒரு லாரிக்காரர் மாற்றிச் செய்ய வந்தார். எங்கே கை வைப்பது என்று அவருக்குக் காட்டிவிட்டு, என் கணவர் இரண்டு நிமிடம் மூச்சு வாங்கினார், மறுபடி தொடங்கினார். அந்தப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு வண்டி போனது. நான் சேலம் போகவில்லை. எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் அவர் வந்து குளித்தார். டீ கொடுத்தேன்.

"அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"தொப்பூர்ல. நானும் அங்க இருந்தன். அந்தம்மாவப் பாத்துக்கச் சொன்னது என்னைத்தான்."

டம்ளரைக் கீழே வைத்தார். "நீயா அது?" என்று வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார். "நான் அங்க முகமே பாக்கறதில்ல. பாத்தா கை ஓடாது." பிறகு, "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார்.

டம்ளரை மறுபடி எடுத்தார்.

"மூச்சு இருக்குதுன்னு நீ சொன்னியா?"

"ஆமா."

"வண்டியில வச்சு மூச்சு இல்லன்னு நான் சொன்னப்ப, அந்தம்மா நம்பவே இல்ல. மூச்சு இருக்குதுன்னு அங்க ஒரு பொண்ணு சொல்லுச்சேன்னு என்கிட்ட சண்டைக்கு வந்துச்சு." ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "தெரியலீங்கன்னு சொல்லியிருக்கலாம். உன்னத் தப்பு சொல்லல. அடுத்த தடவைக்குச் சொல்றன்" என்றார்.

அடுத்த தடவை என்று அவர் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாலைந்து நாள் வேலையே ஓடவில்லை. கருவியை எடுப்பேன், யாரையும் இடிக்காமல் தெருத்தெருவாக ஓட்டுவேன், வைத்துவிடுவேன். பிறகு குழுத்தலைவரைக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸை மறுபடி சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"ஏம்மா, முடிஞ்சதப் போயி! எடம் எங்க இருக்குது?"

"எடம் நான் கண்டுபிடிச்சுக் குடுத்தா?"

"குடு, பாக்கலாம்" என்றார். முடியாது என்பதற்கு அது ஒரு மரியாதையான சொல்.

ஒன்பது நாள் தேடினேன். கடைசியில் தெருவோரம் நிறுத்தி வைத்திருந்த கார்களில் கிடைத்தது. அந்தக் கார்களின் கதவுகள் திறக்கவே திறக்காது. ஆனாலும் ஒவ்வொன்றுக்குள்ளும் சீட், ஸ்டியரிங், கண்ணாடியில் தொங்கும் பொம்மை வரை எல்லாம் தனித்தனியாக இருந்தது. அதையெல்லாம் எடுத்துவிட்டுக் கண்ணாடிகளைக் கறுப்பாக்கினேன். தேவையான இடம் வந்தது. அந்த இடத்தில் இன்னும் பத்துக் கார் ஓடவிடலாம் என்றார் தலைவர். அப்போதுதான் தொப்பூரில் நடந்ததைச் சொன்னேன்.

"ஒரே வண்டி" என்றார் பிறகு. "ஒரே ஆளு. படம் தடங்குச்சுன்னா மறுபடி தூக்கிருவன், வருத்தப்படக் கூடாது."

ஆம்புலன்ஸ் மறுபடி ஓடிய அன்று கணவரைக் கூப்பிட்டேன். ஒருவனைக் காரால் தள்ளிவிட்டுக் காத்திருந்தோம். தூரத்தில் சைரன் கேட்டது. வண்டிகள் தட்டுத்தடுமாறி ஒதுங்கின. ஆம்புலன்ஸ் நடைபாதையில் ஏறி, ஒரு பழக்கடையை இடித்து, விழுந்து கிடந்தவனின் கால் மேலேயே வந்து நின்றது. வெள்ளைச் சட்டைக்காரன் இறங்கினான், குனிந்து பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், திரும்பி ஏறிப் போய்விட்டான்.

மூல விளையாட்டில் அது ஒரு நகைச்சுவை. கல்லூரி விடுதியில் நானே அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். வண்டியை மட்டும் நினைத்துக்கொண்டிருந்ததில் அது எனக்கு மறந்தே போயிருந்தது. ஒப்பந்தப்படி நாங்கள் வெட்டலாம், ஆனால் மூலத்தில் ஓர் அசைவைக்கூட மாற்ற முடியாது.

பக்கத்தில் என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். மெல்லிய சிரிப்பல்ல. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்றார். "அய்யோ, எங்க டிரைவருக்கு இதக் காட்டணும்."

"இதுக்கா நான் ஒன்பது நாள் கஷ்டப்பட்டன்?" என்று கருவியைப் பிடுங்கினேன். இதையும் எடுத்துவிடப் போகிறேன் என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "எடுக்காத" என்றார். "அவன் சரியாப் பாக்கலதான். ஆனா வந்தானில்ல? இருக்கட்டும்."

எடுக்கவில்லை. சில வாரங்களில் விளையாட்டு வெளியானது. எழுத்துகள் சிறியவை, மலைப்பாதையில் படம் தடங்குகிறது என்றெல்லாம் குறை சொன்னார்கள். அவை எல்லாம் உண்மையான குறைகள்தான். நிறுத்தி வைத்த கார்களின் கறுப்புக் கண்ணாடியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆம்புலன்ஸைப் பற்றியும் எழுதவில்லை.

அந்தம்மாவைப் பார்க்கப் பாப்பாரப்பட்டிப் பக்கம் போகலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். ஊர்ப் பெயரை ஆம்புலன்ஸ் பதிவேட்டில் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அது கூடாது என்றார், அது எனக்கும் தெரியும். மகளுக்குப் பிரசவம் ஆகியிருக்கும் என்று இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பிறகு அவர் சீருடையை எடுத்து மாட்டிக்கொண்டு, தொப்பூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.