கப்சிப் மேஸ்திரியும் ஆறு ஸ்குரூவும்

என் அக்காவின் வீட்டுக்காரரை எங்கள் பக்கத்தில் கப்சிப் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதற்கு இரண்டு காரணம். ஒன்று, அவர் தொழில். ஒரு அறையின் சத்தம் அடுத்த அறைக்குத் தாண்டாதபடி சுவர் போடுவது. இன்னொன்று, அவர் ஒரு நாள் முழுக்கப் பேசுகிற பேச்சை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். எழுதிய பிறகும் இடம் மிச்சமிருக்கும்.

அந்தப் பேச்சிலும் பாதி, "பாக்கலாம்."

"அத்தான், சாப்பிட வாங்க."

"பாக்கலாம்."

"காய்ச்சலா இருக்கா?"

"பாக்கலாம்."

நான் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. பௌதிகம். அதனால் அத்தானின் வேலைகளுக்குச் சத்தம் அளக்கிற மீட்டரைப் பிடிப்பதும், அறிக்கை எழுதுவதும், பேச வேண்டிய இடத்தில் அவருக்குப் பதிலாகப் பேசுவதும் என் பொறுப்பு. பேச வேண்டிய இடங்கள் நிறைய.

அவர் போடுவது செங்கல் சுவர் இல்லை. தகரச் சட்டங்களை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு அடிக்கிற சுவர். சும்மா அடித்தால் அது சுவர் இல்லை, மத்தளம். உள்ளே தும்மினால் வெளியே இருப்பவர் நூறாயுசு சொல்வார். அத்தான் சட்டங்களுக்கு நடுவே ராக்வூல் பஞ்சை அடைப்பார். போர்டு நேராகச் சட்டத்தைத் தொடக் கூடாது. நடுவில் ரப்பர் கிளிப், அதன் மேல் மெல்லிய தகரப் பட்டை, பட்டையில்தான் போர்டு தொங்கும். போர்டைப் பட்டையில் முடுக்க ஒன்றரை இஞ்ச் ஸ்குரூ. அரை இஞ்ச் கூடினாலும் அது பட்டையைத் தாண்டிப் போய்ச் சட்டத்தைத் தொட்டுவிடும். அப்புறம் ரப்பரும் வீண், பஞ்சும் வீண். சத்தம் ஸ்குரூ வழியாகவே நடந்து போய்விடும்.

சுவர் முடிந்ததும் சோதனை. உள்ளே ஒருவர் விடாமல் பேச வேண்டும், வெளியே அத்தான் நின்று கேட்பார். ஆரம்பத்தில் வேலையாட்களைப் பேசச் சொன்னார். "ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்பார்கள். பத்துக்கு மேல் ஆர்வம் குறைந்துவிடும். ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த அக்காவை உள்ளே உட்கார வைத்தார்.

"என்ன பேசறது?"

"எதையாச்சும் பேசு."

அக்கா அவரைத் திட்ட ஆரம்பித்தாள். பன்னிரண்டு வருடம் ஆகிறது, இன்னும் விஷயம் தீரவில்லை.

வீட்டில் அவளால் இப்படிப் பேச முடியாது. படுக்கையறையின் மறுபக்கம் தையல் கடை. நடுவில் இருப்பது யாரோ அவசரத்தில் கட்டிய ஒற்றைச் செங்கல் சுவர். கடையில் நாலு மிஷின். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் இரவு பதினொன்று வரை ஓடும். அக்கா கொஞ்சம் குரலை உயர்த்தினால் மட்டும் நாலும் ஒன்றாக நிற்கும். தைப்பவர்களுக்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டுமே. அக்கா வாயை மூடிக்கொள்வாள். மிஷின்கள் ஏமாற்றத்தோடு மறுபடி ஓடும்.

ஆகவே அவள் சொல்ல நினைத்ததையெல்லாம் சோதனை அறைகளில்தான் சொல்லி வந்தாள். இதில் ஒரு சிக்கல். சுவர் நன்றாக இருந்தால் அத்தானுக்கு ஒன்றும் கேட்காது. சுவர் தோற்றால்தான் கேட்கும். ஒரு பல் டாக்டரிடம் போட்ட சுவர் தோற்றபோதுதான், அக்காவுக்கு ஒரு மாதமாகக் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்தது. அங்கேயே பிடுங்கினார்கள். அதன் பிறகு அத்தான் தொழிலில் நன்றாகத் தேறிவிட்டார். ஆறு வருடமாக ஒரு சுவர்கூடத் தோற்கவில்லை. அந்த ஆறு வருடமாக அக்காவைப் பற்றி அவருக்குப் புதிதாக ஒன்றும் தெரியாது.

இந்த வருடம் அக்காவுக்கு ஒரு வேலை வாய்ப்பு வந்தது. பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து தரும் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். அவள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் நான் படித்த காலத்தில் அடுப்பில் ஒரு கண்ணும் புத்தகத்தில் ஒரு கண்ணுமாக எனக்குப் பாடம் வாசித்துக் காட்டியவள் அவள்தான். இன்றைக்கும் ஒளிவிலகல் விதி எனக்கு அவள் குரலில்தான் நினைவுக்கு வரும். நடுவில் ஒரு இடத்தில் தாளிக்கிற சத்தம் கேட்கும்.

மாதிரிக்குப் பத்து நிமிடம் வாசித்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினாள். 'பின்னணியில் இயந்திரச் சத்தம்' என்று திரும்பி வந்தது. பதினோரு மணிக்கு மேல் வாசித்தால் தெரு நாய்கள் பொறுப்பேற்றுக்கொண்டன. அதுவும் திரும்பி வந்தது. இரண்டாவது கடிதத்தில், இன்னும் ஒரு வாய்ப்புதான், இருபதாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்று இருந்தது. அந்தக் கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நானும் அங்கே இருந்தேன்.

"ஏங்க, ஊருக்கெல்லாம் சுவர் போடறீங்க. நம்ம ரூமுக்கு ஒண்ணு போட்டுக் குடுங்களேன்" என்றாள் அக்கா. பக்கத்துக் கடையில் மிஷின்கள் நின்றன.

அத்தான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார். "பாக்கலாம்" என்றார்.

அன்றைக்கு வேலை, ஒரு மனநல டாக்டரம்மாவின் கிளினிக்கில். அவருடைய பழைய இடத்தில், ஆலோசனை அறையில் பேசுவதெல்லாம் வெளியே காத்திருப்பவர்களுக்குக் கேட்டுவிடும். கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. உள்ளே இருந்து வரும் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் சொல்றாங்கன்னு விட்டுக் குடுக்காத தாயி, அந்த நாத்தனார ஒரு பிடி பிடி" என்று மறு ஆலோசனை கொடுத்தார்கள். பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மீதிப் பேர் வெளியே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்க்க வந்தார்கள். புது இடத்தைத் திங்கட்கிழமை திறப்பதாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்குச் சோதனை. அக்கா உள்ளே போனாள். கதவைச் சாத்தினோம். நான் மீட்டரைப் பிடித்தேன். எண் அருமையாக இருந்தது. அந்த எண்ணைச் சட்டம் போட்டு மாட்டலாம். டாக்டரம்மா சுவரில் காதை வைத்தார்.

"ஒண்ணுமே கேக்கலையே மேஸ்திரி. பிரமாதம்."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"கேக்குது" என்றார்.

நானும் காதை வைத்தேன். மூச்சை நிறுத்திக் கேட்டபோது, கிணற்றுக்கு அடியிலிருந்து வருவது போல ஒரு வார்த்தை மட்டும் பிடிபட்டது: "பாக்கலாமாம்."

"மீட்டர்ல சரியாத்தான் இருக்கு அத்தான்" என்றேன்.

"எனக்கும் கேக்கல. இதுவே போதும்" என்றார் டாக்டரம்மா. "திங்கக்கெழம திறக்கணும். இப்ப போய் சுவத்தப் பிரிக்காதீங்க."

அத்தான் அந்த வருடத்தின் மிக நீளமான பேச்சைப் பேசினார். "உங்களுக்குக் கேக்காதும்மா. உள்ள பேசறவங்க வீட்டுக்காரரும் வெளிய ஒக்காந்திருப்பாரில்ல? அவருக்குக் கேக்கும்."

டாக்டரம்மா குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

அத்தான் பையிலிருந்து ஒரு பழைய ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். சுவரில் எந்த இடத்தில் கோளாறு என்று தேட அதுதான் கருவி. வட்டமான முனையைப் போர்டில் வைத்து இஞ்ச் இஞ்சாக நகர்த்த வேண்டும். சத்தம் தாண்டுகிற இடத்தில் குரல் திடீரென்று தெளியும். அதற்கு உள்ளே இருப்பவர் நிறுத்தாமல் பேச வேண்டும். நான் கதவைத் திறந்து விஷயத்தைச் சொன்னேன்.

"எவ்வளவு நேரம்டா?" என்றாள் அக்கா.

"கண்டுபிடிக்கிற வரைக்கும்."

"அப்ப, அவருக்குக் கேக்குதா?"

"சாதாரணமா ஒரு வார்த்தைதான். ஸ்டெத் வெச்சா எல்லாம் கேக்கும்."

அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். முழுசாகக் குடித்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். "கதவச் சாத்திட்டுப் போ" என்றாள்.

அத்தான் இடது கோடியிலிருந்து ஆரம்பித்தார். காதில் கருவி, வாயில் பென்சில். டாக்டரம்மாவுக்கு வேறு வேலை இருந்தும் போகவில்லை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அத்தானின் முகம் மட்டும்தான் தெரிந்தது. அந்த முகத்தில் எப்போதுமே பெரிதாக ஒன்றும் ஓடாது. அன்று புருவம் இரண்டு தடவை ஏறி இறங்கியது. ஒரு தடவை, "அதுவா?" என்று போர்டைப் பார்த்துக் கேட்டார். போர்டு பதில் சொல்லவில்லை. உள்ளே அக்கா அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பாள்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்குள் சத்தம் தாண்டுகிற ஆறு ஸ்குரூவும் கிடைத்துவிட்டன. மூன்றாவது சட்டத்தின் மேல், ஒன்றின் கீழ் ஒன்றாக ஆறு பென்சில் பெருக்கல் குறி. ஒரு ஸ்குரூவைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். இரண்டு இஞ்ச். பெட்டி மாறிப்போயிருக்கிறது. அந்த வரிசையை முடுக்கியது வேலையாள் இல்லை, அவரேதான்.

கழற்றியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை மறுபடி காதில் மாட்டிக்கொண்டு, கோளாறே இல்லாத வலது கோடியில் குந்தி உட்கார்ந்தார்.

"அத்தான், அதான் ஆறும் கெடச்சிருச்சே" என்றேன்.

"ஷ்" என்றார்.

இடம் மாற்றி இடம் வைத்துப் பார்த்து, குரல் தெளியாததால், மீதி ஐந்து நீள ஸ்குரூ இருந்த இடத்துக்கே திரும்பி வந்து, நடுவிலிருந்த குறியில் முனையை வைத்தார். நகர்த்தவில்லை. நாலு மணி வரை அப்படியே இருந்தார். நடுவில் ஒரு தடவை, என்ன நினைத்தாரோ, கருவியை என் காதில் மாட்டினார்.

அக்கா திட்டிக்கொண்டிருக்கவில்லை. கடைக்காரரிடம் விலை கேட்பது போலச் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தாள். "இருவதாந்தேதி தாண்டிடுச்சுன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க கேட்டாலும் சொல்ல மாட்டேன். எனக்கு நல்லா வர்றது இந்த ஒண்ணுதாங்க. தம்பி படிச்சான், அதுல எனக்கும் பங்கு இருக்குன்னு நெனச்சுக்குவேன். அத வெளிய சொன்னதில்ல..."

நான் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மீட்டரில் எண் இன்னும் அருமையாகவே இருந்தது.

நாலு மணிக்கு அத்தான் எழுந்தார். முட்டி மடக்கென்றது. மீதி ஐந்தையும் கழற்றி, ஓட்டைகளைச் சீலன்ட் பசை வைத்து அடைத்து, ஒரு சாண் தள்ளிக் குட்டை ஸ்குரூ முடுக்கினார். காதை வைத்தார். கண்ணை மூடினார். இந்தத் தடவை ஒரு வார்த்தைகூட இல்லை.

அக்கா வெளியே வந்தாள். தொண்டை கட்டியிருந்தது.

"கேட்டுச்சா?"

"இப்ப கேக்கல."

"முன்ன?"

அத்தான் சட்டைப் பையிலிருந்து நீள ஸ்குரூக்களை எடுத்துக் காட்டினார். "பெட்டி மாறிப்போச்சு."

"உங்களுக்கா? என்னைக்கு?"

"செவ்வாக்கெழம."

அக்கா அந்த ஆறு ஸ்குரூவையும் எண்ணிப் பார்த்தாள். கடிதம் வந்த நாள்தான் அது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் போனபோது அக்காவின் பீரோ கூடத்தின் நடுவில் நின்றது. படுக்கையறையில் அத்தான் செங்கல் சுவரிலிருந்து ஒரு விரல் தள்ளிச் சட்டம் நிறுத்திக்கொண்டிருந்தார். யாரும் யாரிடமும் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. நான் போய்ப் பஞ்சைப் பிடித்தேன். சுவர், கூரை, கதவுக்கு ரப்பர் விளிம்பு, ஜன்னலுக்கு இரண்டாவது கண்ணாடி என்று ஐந்து நாள் ஆனது. அறை எல்லாப் பக்கமும் ஐந்து இஞ்ச் சுருங்கியது. பீரோ உள்ளே திரும்பிப் போக முடியவில்லை. இன்றைக்கும் கூடத்தில்தான் இருக்கிறது. விருந்தாளிகள் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

இரண்டாம் நாளே பக்கத்துக் கடையின் தலைமை டெய்லர் வந்துவிட்டார்.

"என்ன மேஸ்திரி, இனிமே எங்களுக்கு ஒண்ணும் கேக்காதா?"

"கேக்காது."

"மிஷின் சத்தம் தொந்தரவுன்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. அப்பப்ப நிறுத்தத்தான செய்யறோம்."

"அது தெரியும்" என்றாள் அக்கா.

பத்தொன்பதாம் தேதி மதியம் அக்கா மைக்கோடு உள்ளே உட்கார்ந்தாள். வெளிச்சத்தம் ஏதாவது வருகிறதா என்று கவனிக்க அத்தானும் கூடவே போய், மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கதவைச் சாத்தினேன். பத்து நிமிடம் கழித்து அக்கா மட்டும் வெளியே வந்து, திரும்பப் போட்டுக்கூடக் கேட்காமல் உடனே அனுப்பிவிட்டாள்.

இரண்டு நாளில் பதில் வந்தது. எனக்குத்தான் வாசிக்கக் கொடுத்தாள்.

'குரலும் உச்சரிப்பும் மிக நன்று. இயந்திரச் சத்தம் இல்லை. ஆனால் ஆறாவது நிமிடத்திலிருந்து ஒருவர் தூங்கும் சத்தம் தெளிவாகப் பதிவாகியுள்ளது. அறை சரியாக இருப்பதால் இதை நிராகரிப்பாகக் கொள்ளவில்லை. தூங்குபவரை வெளியே அனுப்பிவிட்டு மீண்டும் அனுப்பவும்.'

"மிஷின் சத்தம் எனக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு பன்னெண்டு வருஷமாச் சொன்னாரு" என்றாள் அக்கா. "சத்தம் நின்னதும் ஆறு நிமிஷம் தாங்கல."

அத்தான் ஸ்குரூப் பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் அளவு எழுதிக்கொண்டிருந்தார்.

தூங்குபவரைக் கூடத்தில், பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அக்கா மறுபடி வாசித்தாள். வேலை கிடைத்தது. முதல் புத்தகமாகக் கணக்குப்பதிவியல் வந்தது, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

சுவர்ச் சோதனைக்கு அக்கா இப்போதும் வருகிறாள். ஆனால் திட்டுவதற்கு வீட்டிலேயே ஒரு நல்ல அறை இருப்பதால், அந்த விஷயங்கள் அன்றன்றைக்கே அங்கே முடிந்துவிடுகின்றன. சோதனை அறையில் அவள் மறுநாளுக்கான பாடத்தை வாசித்துப் பழகுகிறாள். போன வாரம் ஒரு வக்கீல் அலுவலகத்தில், தேய்மானம் பற்றிய ஐந்தாம் பாடம். அத்தான் வழக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டு வெளியே நின்றார்.

"கேக்குதா அத்தான்?"

"இல்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார்.