சங்கிலியின் அம்புக்குறி

1974 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்குக் காபி, ஆறரைக்குப் பேப்பர், ஏழு மணிக்கு என் படகு. போர்க்காலத்தில் சிப்பாய்களைக் கரையில் இறக்கிய படகின் மாதிரியை மரத்தில் செய்திருந்தேன். முந்தைய ஆண்டுக் கண்காட்சியில் அதன் தட்டையான முகப்பைப் பார்த்து மாடி வீட்டு சேஷாத்ரி, "என்ன ஓய், சோப்பு டப்பாவா?" என்றார். அதிலிருந்து மயிலாப்பூரில் எனக்கு அதுவே பெயர்.

அந்த ஞாயிறு அவரே தன் டாங்கி மாதிரியோடு இறங்கி வந்தார்.

"இந்தச் சங்கிலியோட அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கணும் ஓய்?"

டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலியில் அம்புக்குறி போன்ற வரிகள் இருக்கும்; அவை முன்பக்கம் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். "பின்பக்கம்" என்றேன். அப்படியே ஒட்டிவிட்டார்.

மாலை தி.நகர் கண்காட்சியில், நடுவராக வந்திருந்த ஓய்வுபெற்ற டாங்கி ஓட்டுநர் அதைப் பார்த்ததும், "இன்னா நைனா, ரிவர்ஸ்லயே சண்டைக்குப் போவுமா இது?" என்றார். கூட்டமே சிரித்தது. ஒரு வருடமாக நான் காத்திருந்த சிரிப்பு அது. ஆசை தீரக் கேட்டேன்.

"யாரு இப்டி மாட்டச் சொன்னது?" என்று கேட்டார் நடுவர்.

சேஷாத்ரி என்னைப் பார்த்தார். "சொன்னவர் சரியாத்தான் சொன்னார். நான்தான் தப்பாக் கேட்டுண்டேன்."

என் வெற்றியை அவர் பிடுங்கிக்கொண்டதாகவே தோன்றியது. அதற்காக அவரை இன்னும் வெறுத்தேன். அவர் தயவில் நல்லவனாக இருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காபிகூடக் குடிக்காமல் மாடியேறி, "தெரிஞ்சேதான் தப்பாச் சொன்னேன்" என்றேன்.