சரிந்த மலையின் துண்டுகள்

சுபானி ஜெர்மனியின் பான் நகரில் வளர்ந்தவள். அவளுடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். மகள் டாக்டராவாள் என்று அவர்கள் நம்பியிருக்க, அவள் பல்கலைக்கழகத்தில் நிலவியல் எடுத்தாள்.

"கல்லைப் படிச்சு என்ன வேலை எடுக்கப்போறாய்?" என்று தாய் தேவமலர் கேட்டாள்.

"தெரியேல்லை அம்மா. ஆனா விட ஏலாது."

2004இல் பட்ட ஆய்வுக்காக வட சிலிக்குப் போனாள். ஆண்டிஸ் தொடரில் ஆறாயிரம் மீட்டர் உயர எரிமலை. உச்சிப் பாறைகளைச் சேகரிப்பது அவள் வேலை. பேராசிரியரும், கோயம்புத்தூரிலிருந்து வந்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த ஹரிப்ரியாவும் உடன் சென்றார்கள்.

ஐயாயிரம் மீட்டரில் காற்று மெலிய, சுபானிக்குத் தலை வெடிப்பதுபோல வலித்தது. வாந்தி நிற்கவில்லை.

"நீ இப்பவே கீழ இறங்கணும். இது ஜோக் இல்ல," என்றாள் ஹரிப்ரியா.

"கொஞ்சம் இருந்தால் சரிவரும் அக்கா. என்னால ஏலும்."

"பேச்சே குழறுது உனக்கு. வா, நானே கூட்டிட்டுப் போறேன்."

அடிவார முகாமில் உடம்பு தேறியது. ஆனால் மறுபடி ஏறக்கூடாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மற்ற இருவரும் மேலே போக, அவள் கூடாரத்தில் கிடந்து அழுதாள். அழுகை சலித்ததும் எழுந்து வெளியே நடந்தாள்.

சமவெளி முழுக்க வீடளவு குன்றுகள். பழைய வரைபடம் அவற்றைச் சிறு எரிமலை வாய்கள் என்றது. சுபானி வாயைத் தேடினாள், காணவில்லை. ஓடை அறுத்திருந்த ஒரு குன்றின் உள்ளே பாறைகள் நொறுங்கியும் பிரியாமல், கீறல் விழுந்த பீங்கான் தட்டுப்போல ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. கரும்பாறை, செந்நிறச் சாம்பல், மறுபடி கரும்பாறை. ஏறும்போது மலைச்சரிவில் பார்த்த அதே வரிசை, இங்கே செங்குத்தாக நின்றது. இடையில் மஞ்சள் களிமண்.

நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். ஒரு பக்கம் லாடம்போல உடைந்த விளிம்பு. அதற்குள்ளிருந்துதான் இன்றைய உச்சி எழுந்திருந்தது. எரிமலைக் குழம்பும் சாம்பலும் மாறிமாறிப் படிந்து உயரும் மலை அது. உள்ளே கந்தக ஆவி பாறையைக் களிமண்ணாக உளுத்துப்போகச் செய்துகொண்டே இருக்கும். ஒரு நாள் தன் பாரம் தாங்காமல் பாதி மலை சரிந்து ஓடியிருக்கிறது.

ஹரிப்ரியா திரும்பியதும் சுபானி அவள் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். "இதுகள் வாயில்லை அக்கா. மலை விழுந்து கிடக்குது. பாருங்கோ."

ஹரிப்ரியா விரிசலில் விரல் வைத்துப் பார்த்தாள். "உச்சி சாம்பிள் நான் எடுத்துட்டேன். நீ இதையே தீஸிஸா பண்ணு."

பேராசிரியர் லேசில் ஏற்கவில்லை. சுபானி பானுக்குத் திரும்பி, ஒரு வருடம் நுண்ணோக்கியில் குன்றுகளின் பாறைகளை மலையின் பாறைகளோடு ஒப்பிட்டாள். இரண்டு குன்றுகள் உண்மையிலேயே எரிமலை வாய்கள்தான்; மற்றவையெல்லாம் மலையின் துண்டுகள்.

பட்டம் கிடைத்த அன்று தகப்பன் நித்தியானந்தன் கேட்டார்: "அப்ப அது திரும்பவும் விழுமே?"

"விழலாம் அப்பா. எப்ப எண்டு சொல்ல ஏலாது."

"கீழ ஆக்கள் இருக்கினமே?"

"ஒரு ஊர் இருக்கு."

"அவையளுக்குத் தெரியுமே?"

சுபானிக்கு எண்ணெய் நிறுவனமொன்றில் வேலை கிடைக்கவிருந்தது. அதை விட்டுவிட்டு எரிமலை அபாய வரைபடம் தயாரிக்கும் குழுவில் சேர்ந்தாள். 2008இல் அந்த ஊரில் நின்று, தட்டுத்தடுமாறிய ஸ்பானிஷில் மலையைப் பற்றிச் சொன்னாள். சிலர் கேட்டார்கள், சிலர் பாதியில் எழுந்து தங்கள் லாமா மந்தைகளைப் பார்க்கப் போனார்கள். ஊர் இடம்பெயரவில்லை. கட்டவிருந்த பள்ளிக்கூடத்தை மட்டும் மலை சரிந்தாலும் எட்டாத, பள்ளத்தாக்கின் எதிர்மேட்டுக்கு மாற்றினார்கள்.