துறவியின் கத்தியும் தபால்காரரின் மோட்டார் சைக்கிளும்

சிட்னியில் 2011ஆம் வருடம் எனக்கு ஒரு துறவியின் மேல் பைத்தியம் பிடித்திருந்தது. பகலில் செவன் ஹில்ஸில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் வேலை. வாரத்தில் இரண்டு மாலை தத்துவ வகுப்பு. அங்கேதான் அவர் அறிமுகமானார். ஏறக்குறைய எழுநூறு வருடங்களுக்கு முந்தைய ஆங்கிலேயர். தர்க்கத்திலும் இறையியலிலும் புலி. ஒன்றை விளக்கக் கொஞ்சமே போதுமென்றால், தேவையில்லாததை இழுத்து வராதே என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட விதி. அதற்குச் சவரக்கத்தி என்று பட்டப்பெயர். மதுரையில், ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் வரும் வீட்டில் வளர்ந்த எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அந்தத் துறவி போப்பாண்டவரோடு மோதி, விசாரணைக்கு நடுவிலேயே தப்பி ஓடி, ஜெர்மன் அரசர் ஒருவரிடம் அடைக்கலம் புகுந்தவர் என்பதையும் படித்தேன். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமைகளில் பென்டில் ஹில்லில் ஒரு அகதிகள் உதவி மையத்தில், இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களின் வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுப்பேன். வழக்கறிஞர்கள் அதை வைத்துத்தான் அடைக்கலம் கேட்டு மனு போடுவார்கள். அப்படி ஒருநாள் வவுனியாப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் வந்து உட்கார்ந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். மனு தோற்றால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போனால் என்ன நடக்கும் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தன்னைத் தேடி ஆட்கள் வந்ததும் சித்தப்பா வீட்டுக்கு ஓடியிருக்கிறார். நான்காம் நாள் மறுபடி தன் கராஜுக்கே போயிருக்கிறார். அங்கே ஒரு தபால்காரரின் மோட்டார் சைக்கிள் எஞ்சின் கழற்றியபடி கிடந்ததாம். எஞ்சினைத் திரும்பப் பொருத்தி, வண்டியைத் தபால்காரர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் ஊரை விட்டுக் கிளம்பினாராம்.

உயிருக்குப் பயந்தவன் பைக் ரிப்பேருக்குத் திரும்பி வந்தான் என்றால் எந்த அதிகாரி நம்புவார்? துறவியை மனதில் கும்பிட்டுவிட்டு அந்தப் பகுதி முழுவதையும் வெட்டினேன். 'ஓடினார், ஒளிந்தார், படகேறினார்.' வாசித்துக் காட்டியபோது அவர் ஒரு கணம் தயங்கினார், பிறகு கையெழுத்துப் போட்டார். எனக்கு என் எழுத்தைப் பார்த்துப் பெருமை வேறு.

குடிவரவுத் துறை நேர்காணலில் அதிகாரி ஒவ்வொரு நாளாகக் கேட்டிருக்கிறார். அண்ணாவுக்குப் பொய் வராது. பைக் கதையைச் சொல்லிவிட்டார். வாக்குமூலத்தில் இல்லாதது இப்போது எங்கிருந்து வந்தது என்று அதிகாரி அதையே பிடித்துக்கொண்டார். மனு நிராகரிக்கப்பட்டது.

அந்தக் கடிதத்தை அண்ணா என்னிடம்தான் கொண்டுவந்தார். பைக் பற்றிய பத்திக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். நான்தான் வெட்டினேன் என்று சொல்லி, கத்தி, துறவி எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்கள் படிச்ச ஆள். தேவையில்லை எண்டு நீங்கள் சொன்னா சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன், தம்பி" என்றார்.

அன்று வீட்டுக்குப் போய்ப் பாடப் புத்தகத்தை மறுபடி புரட்டினேன். ஒருவர் அனுபவத்தில் நேராக அறிந்தது அந்த விதிக்கு விலக்கு என்று அந்தத் துறவியே சொல்லியிருந்தார். அந்த வரிக்கு நானே முன்பு அடிக்கோடு போட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அந்தப் பகுதியை நீக்கியது நான்தான், அண்ணா முதல் நாளே அதைச் சொன்னார் என்று எழுதி, மறுஆய்வுக்கு அனுப்பச் சொல்லி வழக்கறிஞரிடம் கொடுத்தேன். அதற்குப்பின் சனிக்கிழமை வேலையிலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். நியாயம்தான்.

2013இல் மறுஆய்வு நடந்தது. அண்ணா கேட்டுக்கொண்டதால் நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். விசாரணை நடத்திய அதிகாரி ஒரு அம்மா; அவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: அவ்வளவு ஆபத்தில் எதற்குத் திரும்பிப் போனீர்கள்?

"அது என்ர இல்லை, தபால்காரற்ற. அதில்லாட்டி அவர் என்னெண்டு வேலைக்குப் போறது?"

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். பிறகு நெடுநேரம் எழுதினார்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இங்கேயே இருக்கப் பாதுகாப்பு கொடுக்கலாம் என்று முடிவு. அவரை நம்பியதற்குக் காரணமாக அந்த மோட்டார் சைக்கிள் பற்றி நான்கு வரிகள் இருந்தன. அண்ணா தங்கியிருந்த பென்டில் ஹில் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.  அண்ணா எழுந்து போய்த் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தார்.

அவருக்குத் திடீரென்று துறவியின் ஞாபகம் வந்தது. தப்பி ஓடிய அந்தச் சாமியாரை ஜெர்மனியில் இருக்க விட்டார்களா என்று கேட்டார். சாகும்வரை அரசர் வைத்துக்கொண்டார் என்றேன்.

"பிறகு ஊருக்குப் போனவரோ?"

"இல்லை அண்ணா. போகவே இல்லை."

 அவர் கடிதத்தை என் பக்கம் தள்ளி, அந்த மோட்டார் சைக்கிள் இடத்தை மட்டும் இன்னொருக்கா வாசிக்கச் சொன்னார்.