வாளியிலிருந்து பிடுங்கிய அடைக்கோழி

எங்கள் தெருவுக்கு வண்டியில் மைக் கட்டிக்கொண்டு கோழி விற்க வந்தவர் பொய் சொன்னார். "அசல் நாட்டுக்கோழி, தானா அடை உட்காரும், தானா குஞ்சு பொரிக்கும்" என்று தெரு முழுக்கக் கத்தினார். நம்பி இரண்டு சிவப்புப் பெட்டைகள் வாங்கினேன். முட்டை இட்டன, இல்லை என்று சொல்லமாட்டேன். அடை மட்டும் உட்காரவே இல்லை. இரண்டும் கலப்பினம்.

போன ஐப்பசி மழையில்தான் அது எனக்கு உறைத்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் எங்கள் வீடு. என்னிடம் சிறுவிடை என்கிற அசல் நாட்டுக்கோழி ஒன்றே ஒன்று இருந்தது. குட்டைக் கால் கருப்பி. கூடையில் வைக்கோல் போட்டு அடை வைத்திருந்தேன். இடிக்கு முட்டை கெட்டுப்போகக் கூடாது என்று, வீட்டுக்காரர் இரும்பு மில்லிலிருந்து கொண்டுவந்த கம்பித்துண்டையும் ஒரு கரித்துண்டையும் கூடைக்குள் போட்டிருந்தேன். செல்போன் வெளிச்சத்தில் முட்டைக்குள் நரம்பு ஓடியது தெரிந்தது. நடுவில் ஒரு புள்ளி துடித்தது.

அன்று மதியம் இரை எடுக்க இறங்கியவளை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. அவள் வம்சத்தில் மிச்சம் அந்த முட்டைகள்தான். மழைக் குளிரில் அவை ஆறத் தொடங்கின.

ஒரு சிவப்பியைப் பிடித்து முட்டை மேல் உட்கார வைத்தேன். எழுந்து நின்று ஒரு முட்டையைக் கொத்தி உடைத்தாள். இன்னொருத்தி கூடையைவிட்டே பறந்தாள். ஷிப்டு முடிந்து வந்த வீட்டுக்காரரை உட்காரவைத்து, முட்டைகளைத் துண்டில் சுற்றி அவர் மடியில் வைத்தேன்.

"இன்னாடி, என்னையே அடை வச்சிட்டியா?"

"ஆமா. ஆடாம உட்காரு!"

ஸ்கூட்டியை எடுத்தேன். தெருத்தெருவாக, "அடைக்கோழி கீதா?" என்று கத்திக்கொண்டே போனேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். ரயில்வே கேட் தாண்டி ஒரு வீட்டு வாசலில், முன்பின் தெரியாத ஒரு அம்மா வாளித் தண்ணீரில் ஒரு கோழியை முக்கிக்கொண்டிருந்தார். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடைச் சூடு தணிந்து கோழி படுக்கையை விட்டு எழ, அடை தெளிய வைக்கத்தான் அப்படி முக்குவார்கள்!

"அக்கா, நிறுத்து! முக்காத!"

"கோழி என்னுது. உனக்கு இன்னா பேஜாரு? முட்டை போடாம படுத்துக்கினே கீது."

"அந்தப் படுக்கைதான் எனக்கு வேணும்!"

மூச்சுவிடாமல் கதையைச் சொன்னேன். கோழியைக் கேட்டு வாங்கவில்லை, வாளியிலிருந்து பிடுங்கினேன். அந்த அக்கா திட்டவில்லை. கோழியைத் தன் முந்தானையில் சுற்றி, என் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். "போ, போ. முட்டை ஆறிடப் போவுது."

வீட்டுக்காரர் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் அடுப்புப் பக்கத்தில் கோழியைத் துவட்டினோம். ஈரம் போகும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. ஒருமுறை முக்கியதிலேயே அடை தெளிந்திருந்தால்? கூடையில் விட்டுச் சாக்கால் மூடினோம். சாக்கில் காதை வைத்துக் காத்திருந்தோம். பிறகு "க்ர்ர்ர்" என்றது. சாக்கைத் தூக்கிப் பார்த்தால், அலகால் ஒவ்வொரு முட்டையாக வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டிருந்தது! நானும் அந்த அக்காவும் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

"பொட்டையா பொரிச்சா ஒண்ணு எனக்கு" என்றார் கிளம்பும்போது. குஞ்சுகள் பொரிந்தன; அவை தேறியதும் அவர் கோழியைத் திருப்பிக் கொடுத்தேன். கருப்பியைப் போலவே குட்டைக் காலோடு வளர்ந்த ஒரு பெட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது அதுவும் அங்கே அடையில் இருக்கிறது. யாரும் முக்குவதில்லை.

கோழி வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். குட்டைக் கால், லேசான உடம்பு, அடர்ந்த இறகு பாருங்கள். தாய் அடை உட்கார்ந்ததா என்று கேளுங்கள். கனத்த சண்டைக்கோழி உட்காரும், ஆனால் முட்டையை மிதித்து உடைக்கும். தோலும் சதையும் கருத்த கருங்கோழி வேறு இனம், அதை அடைக்கு நம்பாதீர்கள்.

முன்பின் தெரியாத ஒருத்தி ஈரக்கோழியை மார்போடு அணைத்து என் வண்டியில் ஏறினாளே, அந்தச் சூடு இன்றும் என் முதுகில் இருக்கிறது. வண்டிக்காரரே, உமக்கு ஒரே கேள்வி. எங்கள் தெருவுக்கு வாரும், அதே மைக்கைப் போடும், எல்லோரும் கேட்கச் சொல்லும்: நீர் விற்ற கோழி அடை உட்காருமா, உட்காராதா?